ஒரு நூல் குறைவு

அளவு அக்காவிடம் வாயால் அளவு சொன்னால் அவள் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள். "இடுப்பு முப்பத்திரண்டு" என்று ஒருவர் வந்து நின்றால், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, "கையைத் தூக்குங்க" என்று டேப்பைச் சுற்றிய பிறகுதான் மறுபேச்சு. டேப் முப்பத்தாறு என்று காட்டும். அக்கா நோட்டில் முப்பத்தாறு என்று எழுதிக்கொள்வாள். வந்தவர் வயிற்றை எக்கிக்கொண்டே வீடு போய்ச் சேருவார்.

துணி வெட்டும் மேசையைச் செய்து கொண்டுவந்த தச்சர், "சரியா ஆறடிம்மா" என்று சொன்னதுதான் தாமதம், அக்கா அளந்தாள். அரை இஞ்ச் குறைந்தது. தச்சர் தலையில் அடித்துக்கொண்டு மேசையைத் திருப்பி எடுத்துப் போனார். மற்றவர்களிடம் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். டேப் நாள்பட நீண்டுபோகும் என்பதால், தினமும் காலையில் தன் சொந்த டேப்பையே இரும்பு ஸ்கேலில் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் கத்தரியைத் தொடுவாள். இந்த வேலையைப் பார்த்துத்தான் தெருவில் அவளுக்கு அளவு அக்கா என்று பெயர் விழுந்தது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தெருமுனைக் கடைக்காரரே முழிப்பார்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருபத்திரண்டு வருடம் அளக்காமல் இருந்தாள். ஒரு சட்டைக் கம்பெனியின் கட்டிங் பகுதியில் அவளுக்கு வேலை. அங்கே கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை. அதிலிருந்து சட்டையின் கை, காலர், முதுகு எல்லாம் கோடும் எண்ணுமாக அச்சடித்த காகிதம் சுருள் சுருளாக வரும். அந்த அறைக்குள் அவளை விட்டதே கிடையாது. ஒருநாள் காகிதத்தின் மேல் டேப்பை வைத்ததற்கு சூப்பர்வைசர் வள்ளென்று விழுந்தார். "பேப்பர்ல இருக்கிறத வெட்டு. சரியா தப்பான்னு பாக்கிறது உன் வேலை இல்ல." கம்பெனி இடம் மாறிப் போனபோது அக்கா வேலையை விட்டுவிட்டு வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டாள். சூப்பர்வைசரை மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள்.

மாடி வீட்டில் ஒரு பெண், பதின்மூன்று வயது. ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாள் என்பதால் மைனா என்று கூப்பிடுவார்கள். ஆனால் அந்த வருடம் மைனா வாயே திறக்கவில்லை. முதுகெலும்பு வளைகிறது என்று சொல்லி மருத்துவமனையில் அவளுக்குப் பெல்ட் போட்டுவிட்டார்கள். பேர்தான் பெல்ட். பார்த்தால் அக்குளிலிருந்து இடுப்புவரை கெட்டி பிளாஸ்டிக்கில் ஒரு கூடு. நாளுக்கு இருபது மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும், இன்னும் இரண்டு வருடத்துக்கு. பள்ளிச் சட்டை எதுவும் அதற்கு மேல் ஏறவில்லை. அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். வகுப்பில் அவளுக்குப் பீப்பாய் என்று பெயர் வைத்தார்கள்.

மைனாவின் அம்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். பள்ளி விடுமுறை முடியப் போகிற ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், மாடிப்படியிலேயே உட்கார்ந்து அக்காவிடம் அழுதாள்.

"அக்கா, தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் அவ முதுகுல ஒரு தட்டு தட்டுவேன். டொக்குனு கேக்கும். அந்தச் சத்தம் கேட்டாதான் எனக்கு மூச்சே வரும். பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு வழியிலேயே அவளைப் பாத்துட்டேன். முதுகுல கை வெச்சா மெத்துனு படுது. பெல்ட்டு பைக்குள்ள இருக்கு. ஸ்கூலுக்குள்ள போனதும் கழட்டிடுவாளாம், வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி மாட்டிப்பாளாம். எத்தனை மாசமோ தெரியல. இப்படியே போனா ஆபரேஷன்தான், முதுகைக் கிழிச்சுக் கம்பி வைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாருக்கா."

"அவ என்ன சொல்றா?"

"சட்டை ஒழுங்கா இருந்தா பெல்ட்டைப் போட்டுக்கிறேங்கிறா. இல்லன்னா அடிச்சுக் கொன்னாலும் போடமாட்டாளாம்."

"ஸ்கூல் தொறக்கிற திங்கக்கிழமை காலையில சட்டை இருக்கும்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். இனி வானமே இடிந்து விழுந்தாலும் அவள் பின்வாங்கமாட்டாள்.

சட்டைக்குப் பாதி உடம்பு வரைந்து, துணியை மடித்து, இரண்டு பாதியையும் ஒன்றாக வெட்டுவதுதான் தையல் வேலையில் வழக்கம். அன்றிரவே மைனாவைப் பெல்ட்டோடு நிறுத்தி அளந்து பார்த்தாள், அவள் உடம்புக்கு அது சரிப்படாது. வலது தோள் ஒரு விரல் ஏறியிருக்கிறது, இடது பக்கம் பெல்ட் புடைத்திருக்கிறது. இரண்டு பாதியையும் தனித்தனியாக வரைய வேண்டும். கையால் வரைய அக்காவுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் பெல்ட்டை இரண்டு மாதத்துக்கொரு தரம் மாற்றி அமைப்பார்கள், பெண்ணும் வளர்வாள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து வரைவதென்றால் எந்தக் காலத்தில் முடிவது? அக்காவின் டேப்லெட்டில் ஒரு செயலி இருந்தது. இடம் வலம் என்று தனித்தனியாக அளவைப் போட்டால் சட்டையின் எல்லாத் துண்டுகளையும் அதுவே வரைந்துவிடும். அடுத்த முறை எண்ணை மட்டும் மாற்றினால் போதும். வரைந்ததை அச்செடுக்கத்தான் வழியில்லை.

வழியில்லை என்று எப்படிச் சொல்வது? பரண்மேல் ஒரு பிரிண்டர் கிடந்தது. அக்காவின் தம்பி புதிது வாங்கியபோது தள்ளிவிட்ட பழசு. ஒயர் இல்லாமல் வைஃபையில் வேலை செய்கிற ரகம். விளக்கப் புத்தகம் தொலைந்து போயிருந்தது, திரையும் கிடையாது. மூன்று பொத்தான், நாலு விளக்கு, அவ்வளவே. வெள்ளிக்கிழமை காலை அதை இறக்கித் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள்.

"உனக்கு எதுக்குக்கா அந்தத் தலைவலி? அடுத்த வாரம் நான் வந்து போட்டுத் தர்றேன்."

"அடுத்த வாரம் நீ சாப்பிட வா. இதை நான் பாத்துக்கிறேன்" என்று போனை வைத்தாள்.

பிரிண்டரைப் போட்டால் நீல விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. டேப்லெட்டில் தேடினால் பிரிண்டர் எதுவும் இல்லை என்று வந்தது. பள்ளி வேன் ஓட்டுகிற அக்காவின் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"அது இன்னும் உன் தம்பி வீட்டு வைஃபையைத் தேடிக்கிட்டிருக்கு. பொறந்த வீட்டு நெனப்பு போகல பாரு."

"நீங்க கிண்டல் பண்ணுங்க. அடியில மாடல் நம்பர் இருக்கும், ஒரு கை பிடிங்க."

"கவுத்தாத! மை கொட்டிடும்!"

கவிழ்க்காமல் அவர் தூக்கிப் பிடிக்க, அக்கா தரையில் படுத்துக்கொண்டு கீழிருந்து எண்ணைப் படித்தாள். அந்த எண்ணைத் தேடித் தயாரிப்பாளரின் பக்கத்தைப் பிடித்தாள். பழைய வைஃபையை மறக்கடிக்க இரண்டு பொத்தான்களை ஐந்து விநாடி சேர்த்து அழுத்த வேண்டுமாம். அழுத்தினாள். மூன்றாவது முறைதான் விளக்கு நிறம் மாறியது. பிறகு வீட்டு வைஃபையின் பெயரைக் கேட்டது. வீட்டில் ஒரே பெட்டிதான், ஆனால் பட்டியலில் இரண்டு பெயர்கள். ஒன்றின் வாலில் ஐந்து என்று இருந்தது, அது வேகமான ரகம். டேப்லெட் அதில்தான் இருந்தது. பிரிண்டருக்கு அந்த வேகமானது கண்ணிலேயே படாது, மற்றதைத்தான் தெரியும் என்று கண்டுபிடிப்பதற்குள் பதினொரு மணி ஆகிவிட்டது. டேப்லெட்டையும் மற்றதற்கு மாற்றி, கடவுச்சொல்லை அடித்து, "இணைக்கிறது" என்று வட்டம் சுற்றிக்கொண்டிருந்தபோது எல்லாம் பொசுக்கென்று நின்றது.

வேறொன்றுமில்லை. வீட்டுக்காரர் வேனைச் சர்வீசுக்கு விடக் கிளம்பியிருந்தார். வெளியே போகும்போது கண்ணில் படுகிற சுவிட்சையெல்லாம் அணைப்பது அவரது பிறவிக் குணம். வைஃபை பெட்டியையும் அணைத்துவிட்டார்.

"ஏங்க!" என்று அக்கா போட்ட கூச்சல் தெருமுனைக்குக் கேட்டது. அப்புறம் சட்டைக்கு வைக்கும் லேபிள் துணியில் 'கை வைக்காதே' என்று எழுதி அந்தச் சுவிட்சின் மேல் ஒட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். செய்ததை ஒவ்வொன்றாக அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். பிற்பகல் இரண்டு மணிக்கு நீல விளக்கு நிலைத்து எரிந்தது. டேப்லெட்டில் தொட்டதும் பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் தாளைத் தள்ளியது. அக்கா தன்னையறியாமல் கைதட்டிவிட்டாள். தனியாக இருந்ததால் பரவாயில்லை.

இருபத்தைந்து தாள். முதல் தாளில் ஓரமாக ஒரு சின்னச் சதுரமும் கீழே பொடி எழுத்தும் மட்டும் இருந்தன. பிரிண்டர் தன்னைத்தானே சோதித்துப் பார்க்கிறது போல என்று நினைத்து, வெறும் தாளை எதற்கு வீணாக்குவது என்று, அதை மெஷின் எண்ணெய் டப்பாவுக்கு அடியில் விரித்தாள். மற்ற இருபத்துநாலையும் தரையில் வரிசையாகப் பரப்பி ஒட்டினாள். சட்டை முழுசாகக் கிடந்தது. கோடுகள் கத்தி போலக் கூராக இருந்தன. மார்புக்கு நேராக, கொஞ்சம் தளர்வும் சேர்த்து அக்கா செயலியில் போட்ட முப்பத்து மூன்று அப்படியே அச்சில் எழுதியிருந்தது. சனிக்கிழமை காலை டேப்பை ஸ்கேலில் சரிபார்த்தாள், துணியை விரித்தாள், காகிதத்தைக் குண்டூசியால் குத்தினாள், வெட்டினாள். சாயங்காலத்துக்குள் தைத்து, பட்டன் வைத்து, இஸ்திரியும் போட்டுவிட்டாள்.

மைனா பெல்ட்டின் மேல் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். முதல் பட்டன் பூட்டியது. இரண்டாவது இழுத்துக்கொண்டு பூட்டியது. மூன்றாவதை அக்கா பிடித்து மாட்டினாள். பெண் மூச்சை இழுத்ததும் அது தெறித்துப் போய் மெஷினுக்கு அடியில் உருண்டது.

"எனக்குத் தெரியும்" என்றாள் மைனா. அழவில்லை. சட்டையைக் கழற்றி ஒழுங்காக மடித்து மேசைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது. மைனாவின் அம்மா முகத்தில் ஈயாடவில்லை. வாங்கியிருந்த துணியில் இன்னும் ஒரு சட்டைக்குத்தான் மிச்சம்.

ஞாயிறு விடிந்ததும் அக்கா அந்தச் சட்டையை மேசையில் போட்டு அளந்தாள். முப்பத்தொன்று. டேப்லெட்டைப் பார்த்தாள். முப்பத்து மூன்று.

"ரெண்டு இஞ்ச் எங்க போச்சு?" என்று சட்டையையே கேட்டாள்.

டேப்பை ஸ்கேலில் வைத்தாள், சரியாக இருந்தது. தையலைப் பிரித்துத் துணியைக் காகிதத்தின் மேல் போட்டாள். நூல் பிசகாமல் பொருந்தியது. அப்போதுதான் அக்காவின் கண் காகிதத்தின் மேல் போனது. எல்லாவற்றையும் அளந்தவள் அந்தக் காகிதத்தை மட்டும் அளக்கவே இல்லை. மார்புக் கோட்டில் டேப்பை வைத்துத் துண்டு துண்டாகக் கூட்டினாள். காகிதத்தில் எழுதியிருந்தது முப்பத்து மூன்று, காகிதம் இருந்தது முப்பத்தொன்று.

"அட கிறுக்கி!" என்று தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். ஊரில் ஒருவர் வார்த்தையையும் நம்பாதவள் அச்சில் வந்த எண்ணை நம்பிவிட்டாள். பேப்பர்ல இருக்கிறத வெட்டு. அந்தச் சூப்பர்வைசர் எங்கேயோ பேரன் பேத்தியோடு உட்கார்ந்திருப்பார், அவர் போட்ட சத்தம் மட்டும் இங்கே இவள் கைக்குள் உட்கார்ந்திருந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அவர்மேல் கொஞ்சம், தன்மேல் நிறைய.

எண்ணெய் டப்பாவை நகர்த்தி அந்த முதல் தாளை எடுத்தாள். எண்ணெய் ஊறியிருந்தாலும் பொடி எழுத்து தெரிந்தது. 'இந்தச் சதுரம் இரண்டு இஞ்ச் இருக்கிறதா என்று முதலில் அளந்து பார்க்கவும்.' அளந்தாள். இரண்டு இஞ்சுக்கு ஒரு நூல் குறைவு. எட்டு நூல் ஒரு இஞ்ச் என்பது அவள் தொழிலின் அரிச்சுவடி. இரண்டு இஞ்சுக்கு ஒரு நூல் என்றால் முப்பத்து மூன்றுக்குப் பதினாறு நூல் சொச்சம். காணாமல் போன இரண்டு இஞ்ச் கணக்காக அங்கே உட்கார்ந்திருந்தது. தாளின் ஓரத்தில் வெற்றிடம் விட வேண்டும் என்பதற்காகப் பிரிண்டர் யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் சுருக்கிப் போட்டிருக்கிறது.

விஷயத்தைக் கேட்டதும் வீட்டுக்காரர் சுலபமாக வழி சொன்னார். "ரெண்டு இஞ்ச் கூட்டிப் போட்டு எடுத்துட்டா ஆச்சு. அது சுருக்கினா சரியா வந்துடும்."

"மார்பு சரியா வரும். காலர்? கைக்குழி? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு சுருங்கியிருக்கு. தப்பைத் தப்பாலயே சரி பண்ணச் சொல்றீங்களா? அந்தப் புள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருக்கு. அதுல நானும் சேந்து விளையாடணுமா?"

"சரி தாயே, நான் ஒண்ணும் சொல்லல."

"போய் வேனைத் தொடைங்க. சுவிட்சுல கை வெச்சீங்க, தெரியும் சேதி."

சுருக்காமல் அச்செடுக்கச் சொல்ல டேப்லெட்டில் இடமே இல்லை. எத்தனை பிரதி, கறுப்பா கலரா, இதைத்தான் கேட்டது. அக்கா விடவில்லை. தயாரிப்பாளரின் சொந்தச் செயலியை இறக்கினாள். அது பிரிண்டரைக் காணோம் என்றது. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, எழுதி வைத்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். டேப்லெட் தன்பாட்டில் வேகமான வைஃபைக்குத் தாவியிருந்தது. "உனக்கு வாலு நீளம்" என்று திட்டிக்கொண்டே மாற்றினாள். பிரிண்டர் தெரிந்தது. அமைப்புகளுக்குள் போனாள், அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. கடைசியில் அகப்பட்டது. 'தாளுக்குப் பொருத்து' என்பதில் பச்சைக் குறி இருந்தது. அதை எடுத்துவிட்டு 'உள்ள அளவு' என்பதில் வைத்தாள்.

இந்த முறை முதல் தாளை மட்டும் எடுத்தாள். டேப் வேண்டாம் என்று இரும்பு ஸ்கேலையே வைத்தாள். நீளம் இரண்டு இஞ்ச். அகலம் இரண்டு இஞ்ச். தாளைத் திருப்பிப் போட்டு வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தரம் பார்த்தாள். பிறகுதான் மற்ற இருபத்துநாலுக்கும் உத்தரவு கொடுத்தாள். ஒட்டி முடித்ததும் மார்பு, தோள், கைக்குழி, காலர் என்று கோடு கோடாக அளந்தாள். கடைசித் துணியில் கத்தரி வைக்கும்போது மணி பன்னிரண்டு. மத்தியானச் சாப்பாட்டை வீட்டுக்காரரே போட்டுக்கொண்டு, அவளுக்கும் ஒரு தட்டு கொண்டுவந்து மெஷின் ஓரத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மைனாவை அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வந்தாள். சட்டையை மாட்டிக்கொள்ளும்போது மைனா கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. முதல் பட்டன், இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. அக்கா "மூச்சை இழுத்து விடு" என்றாள். விட்டாள். எதுவும் தெறிக்கவில்லை. தோள் இரண்டும் ஒன்றாக நின்றன. மைனா மெல்லத் தலையைத் திருப்பிக் கண்ணாடியில் தன் பக்கவாட்டைப் பார்த்தாள்.

"பின்னால தெரியுதா அத்தை?"

பொய் சொல்லியிருக்கலாம். அக்காவுக்கு அது வராது.

"குனிஞ்சா கொஞ்சம் கோடு தெரியும். நிமிந்து நின்னா தெரியாது. பீப்பாய் மாதிரி இருக்காது. அதுக்கு நான் கேரண்டி."

மைனா சட்டையோடேயே மாடிக்குப் போனாள். அது சம்மதமா இல்லையா என்று இரண்டு பெண்களுக்கும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை அக்காவுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரே பாவாடைக்கு இரண்டு தரம் விளிம்பு தைத்துப் பிரித்தாள். மைனா பெல்ட்டைப் போட்டுக்கொண்டுதான் போனாள், சரி. பள்ளிக்குள் போய்க் கழற்றிப் பையில் திணித்திருந்தால்? அதை எந்த டேப்பை வைத்து அளப்பது? நாலரை மணிக்கு, அன்றைக்கு மைனாவையும் ஏற்றிக்கொண்டு, வேன் வந்து நின்றது. வீட்டுக்காரர் இறங்கும்போதே பரபரப்பாகச் சொன்னார்.

"பையைப் பாத்தேன். தட்டையா இருக்கு."

அதற்குள் மைனாவே உள்ளே வந்துவிட்டாள். பையை வீசி எறிந்தாள், தண்ணீர் குடித்தாள், அக்காவின் போனை மேசையிலிருந்து தானே எடுத்து அம்மாவுக்குப் போட்டாள்.

"அம்மா, கடையில இருக்கியா? கொஞ்சம் சும்மா இரு, பேசாத. கேளு."

போனைக் கையோடு பின்னால் கொண்டுபோய் முதுகுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அக்காவுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"அத்தை, தட்டுங்க."

அக்கா விரலை மடக்கித் தட்டினாள். டொக்.

போனில் மருந்துக்கடையின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். அவர்களை இருக்கச் சொல்லிவிட்டு மைனாவின் அம்மா போனில் சொன்னாள்.

"அக்கா, இன்னொரு தடவை."